முகமூடி வீரனைப் பார்க்கப் போன சனிக்கிழமைகள்

சில வருடங்களுக்கு முன்பு, ஆக்லாந்தில் எனக்கு அது முதல் குளிர்காலம். வேலை மனுகாவில், வாடகைக்கு எடுத்த அறை ஒடாஹுஹுவில். மனைவியும் கைக்குழந்தையும் திருச்சியில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனி, ஞாயிறுதான் கஷ்டம். வீட்டோடு போனில் பேசுகிற நேரம் தவிர வாயைத் திறக்க வேலையே இருக்காது. சில சமயம் கடையில் வேண்டுமென்றே ஏதாவது விலை கேட்பேன், யாராவது பதில் சொல்வார்களே என்று.

ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நூலகத்தில் சனிக்கிழமை மதியம் இலவசமாகப் பழைய படம் போடுவார்கள். என் அறையைவிட அங்கே வெதுவெதுப்பாக இருக்கும். அதற்காகத்தான் போக ஆரம்பித்தேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாம் உலகப் போர் நடந்தபோதே அமெரிக்காவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைத் தொடர் படம். காமிக்ஸில் வந்த முகமூடி வீரனின் கதை. வாரம் ஒரு பகுதி. எதிரி நாட்டுக்காரர்களை ரொம்பக் கேவலமாகக் காட்டியிருந்ததால், போடுவதற்கு முன் நூலகப் பெண் வருத்தம் தெரிவிக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுவார். வீரனின் உடை முழங்காலில் தொளதொளவென்று சுருங்கியிருக்கும். சண்டை போடும்போது முகமூடி நகர்ந்து கண்ணை மறைக்கும். ஒவ்வொரு பகுதியும் அவன் சாகப்போகிற இடத்தில் முடியும். அடுத்த வாரம் எப்படியோ தப்பித்திருப்பான்.

முதல் வாரம் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். போகப்போக நானும் ஒரு பெண்மணியும்தான் மிச்சம். ஐம்பது வயதிருக்கும். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவோம். ஒரு நாள், போன வாரம் காரோடு பள்ளத்தில் விழுந்த வீரன், விழுவதற்கு முன்பே குதித்துவிட்டதாகக் காட்டினார்கள். அவர் சட்டென்று தமிழில் முணுமுணுத்தார். நான் திரும்பியதைப் பார்த்து என்னிடமே சொன்னார்:

"போன கிழமை அந்தாள் காருக்குள்ளதானே இருந்தவர்? இப்ப முதலே பாய்ஞ்சிட்டாராம். எங்கட சண்டையில ஒருத்தரும் இப்பிடிப் பாய்ஞ்சு தப்பேல்லை, தம்பி."

அதன் பிறகு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார ஆரம்பித்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை. ஒரே மகள் மெல்பனில். தன் தம்பிக்குக் காமிக்ஸ் என்றால் பைத்தியம், அதனால்தான் இதைப் பார்க்க வருவதாகச் சொன்னார். தம்பி இப்போது எங்கே என்று கேட்டேன். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே எனக்கு வயிற்று வலி. வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படத்துக்குப் போய்விட்டேன். பாதியில் வலி வலது பக்கம் இறங்கி, நிமிர முடியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. ரூமுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று எழுந்தவன், கதவுப் பக்கமே உட்கார்ந்துவிட்டேன். அவர் படத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார். என் பேச்சைக் கேட்கவே இல்லை. கைத்தாங்கலாகத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

குடல்வால் அழற்சி. உடனே ஆபரேஷன், தள்ளிப்போட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு நர்ஸ் வந்து, இந்த ஊரில் உங்களுக்கு யார், ஏதாவது என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். சொல்ல ஒரு பெயர் வரவில்லை. மேனேஜரா? ரூம் ஓனரா? வலியைவிட அந்த நிமிஷம்தான் எனக்கு பயமாக இருந்தது.

அவர் தன் பெயரைப் போடச் சொல்லி, எழுத்து எழுத்தாகச் சொன்னார். அப்போதுதான் அவர் பெயரே எனக்குத் தெரியும். என்ன உறவு என்று நர்ஸ் கேட்டதற்கு, தயங்காமல் "சிஸ்டர்" என்றார். நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"பிறகு கதைப்பம். இப்ப பேசாமல் படுங்கோ தம்பி."

மயக்கம் தெளிந்தபோது கட்டில் பக்கத்தில் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் என் போனில் மனைவியைக் கூப்பிட்டு, தானே பேசி, அழுகையை நிறுத்தியிருந்தார். "ஒரு அக்கா இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று மனைவி போனில் கேட்டாள்.

மறு வருடம் மனைவியும் குழந்தையும் வந்தார்கள். அதற்குள் அக்கா தன் மகளோடு இருக்க மெல்பன் போய்விட்டார். கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. இன்று எனக்கு இங்கே வீடு, நண்பர்கள், கோயில் எல்லாம் உண்டு. ஆனாலும் ஆபீசில் புதிதாக யாராவது தனியாக வந்து சேர்ந்தால், உங்களுக்கு இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு என் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒருவன் படுத்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று எனக்குத் தெரியும்.