உள்தாழ்ப்பாள்

ஊரில் பாதி வீட்டுக்குப் பூட்டு அவர் போட்டது. அவர் வீட்டிலோ ஒரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது, குளியலறைக்குக்கூட. வெளியே நிற்பவர் இரண்டு தட்டு தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். இருபது வருஷமாக இதுதான் சட்டம். "பூட்டுக்காரருக்கு வாக்கப்பட்டும் நிம்மதியா ஒரு குளியல் இல்ல" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்துப்போனது. கல்லூரிக்குப் போகும் மகள் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதையே விட்டுவிட்டாள். காரணம் கேட்டால், "தாப்பா போட்டா மரம் உப்பிக்கும்" என்பார். தாழ்ப்பாள் போட்டால் மரம் எதற்கு உப்ப வேண்டும்? அதை யாரும் கேட்டதில்லை.

உண்மைக் காரணத்தைப் பத்து வயதில் ஒரே ஒரு முறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் பாதிரியார் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இவரை மட்டும் நிறுத்திக்கொண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார். அதற்குமேல் நடந்ததைச் சொல்ல அந்த வயதுக்கு வார்த்தை ஏது? தெரிந்த அரைகுறை வார்த்தையில் சொன்னார். அம்மா கன்னத்தில் அறைந்தாள். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமாடா? இன்னொரு தடவ இதப் பேசுன, என்னை உயிரோட பாக்க மாட்ட." அறைந்த அதே கையால் அடுத்த வாரம் தலை சீவிவிட்டுப் பாட்டுக்கு அனுப்பியும் வைத்தாள். கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது. அவருக்கு அம்மா மேல் கோபமே இல்லை. "பாவம், அவளுக்குப் பயம்" என்று பின்னால் மனைவியிடம் சொன்னார்.

மனைவியிடம் சொன்னது முப்பத்தேழு வருஷம் கழித்து. தேவாலய அலுவலகத்தில் ஒரு பூட்டு மாற்றப் போனவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். அந்தப் பழைய பாதிரியார் ஓய்வுபெற்று இங்கேயே தங்க வருகிறாராம். இனி சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவாராம். பாதி வேலையில் திருப்புளியைப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார். ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டே, தெருவைப் பார்த்தபடி, சோறு கொண்டுவந்திருந்த மனைவியிடம் அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோது சாவி ஈர்க்குச்சி போல ஆகிவிட்டிருந்தது.

"மரம் உப்பும்னு சொன்னீங்களேங்க" என்றாள் மனைவி. அதற்குமேல் அவளால் முடியவில்லை, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பிள்ளைங்க போகப்போகுதுல்ல? வாங்க, போய்ச் சொல்லுவோம்."

முதலில் இப்போதைய இளம் பாதிரியாரிடம் போனார்கள். நல்ல மனிதர்தான், கண்கூடக் கலங்கினார். "நான் அப்ப பிறக்கவே இல்லையே அண்ணே, எனக்கு என்ன தெரியும்? இந்த மாதிரிப் புகாருக்குன்னு ஆயர் அலுவலகத்துல கமிட்டி இருக்கு" என்றார். காவல் நிலையத்தில் இருந்த எழுத்தர் பேனாவை எடுக்கவே இல்லை. "சாட்சி இருக்கா? முப்பத்தேழு வருஷம் என்ன பண்ணீங்க? கமிட்டி எதுக்கு இருக்கு? அங்க போய்ட்டு வாங்க." ஆக எல்லா விரலும் கமிட்டியைத்தான் காட்டின.

கமிட்டி இரண்டாம் மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவியாக ஓர் அம்மாள். மனைவியை நடைவழி நாற்காலியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். துணைக்கு ஆள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டுமாம். இவர் உள்ளே போனதும் கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. ஒருவர் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

"கதவு திறந்தே இருக்கட்டும்மா" என்றார் பூட்டுக்காரர்.

"உங்க நன்மைக்குத்தாங்க. வெளிய யார் காதிலும் விழக்கூடாது, அதுதான் இங்க விதி" என்றார் தலைவி அம்மாள். குரலில் உண்மையான கனிவு இருந்தது. "மெதுவா சொல்லுங்க. உங்க பேரு?"

பேர் வரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு எந்தப் பூட்டையும் திறக்கிற ஆள், சொந்தப் பேரைச் சொல்ல முடியாமல் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, நடைவழியில் நின்றுகொண்டு சொன்னார்: "இங்க நின்னு எல்லாத்தையும் சொல்றேன். ஊரே கேக்கட்டும்."

"கதவு திறந்திருந்தா பதிவு பண்ண முடியாதுங்க."

இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அன்றும் அதே அறை, அதே தாழ்ப்பாள். 'புகார்தாரர் வாக்குமூலம் அளிக்க முன்வரவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கதவைத் திறந்து வைக்க ஒரு விதியைத் தளர்த்தக்கூடாதா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

அடுத்த வாரம் தேவாலயக் காவலாளி கடைக்கு வந்தார். "பாட்டு ரூம் தாப்பா துருப்பிடிச்சுப் போச்சு. புதுசு ஒண்ணு போடணுமாம், பாட்டுச் சொல்லித்தர வந்திருக்கிற பெரிய ஃபாதர் சொன்னாரு."

பூட்டுக்காரர் போனார். பழைய தாழ்ப்பாளைக் கழற்றினார். புதியது போடவில்லை. ஆணித் துளைகளில் மரச்சக்கை அடித்து, தேய்த்து, வழவழப்பாக்கிவிட்டு வந்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார், பாவம். மறுநாளே அடுத்த தெருத் தச்சர் பித்தளையில் ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டார். ஆணி அடிக்கத் தெரிந்தவர் ஊரில் இவர் ஒருவர்தானா?

சனிக்கிழமை இருவரும் போய்ப் பாட்டு அறை வாசலில் நின்றார்கள். வருகிற தாய்மாரிடம் மனைவி ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "அவரு எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரு, நாக்கு அழுகிப்போகும்" என்றாள். காவலாளி ஓடிவந்து இருவரையும் தெருவுக்குத் தள்ளி, வெளிக்கேட்டைப் பூட்டிவிட்டு தேவாலயத்தின் முன்பக்கம் போய்விட்டார்.

உள்ளே பாட்டு கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து, மறுகோடியில் இருந்த பின்கேட் வழியாகப் பிள்ளைகள் போவதைக் கம்பி இடுக்கில் மனைவி எண்ணினாள். ஒன்பது பேர் உள்ளே போயிருந்தார்கள். எட்டுப் பேர்தான் வெளியே வந்தார்கள்.

"திறங்க" என்றாள். "சீக்கிரம்ங்க."

வெளிக்கேட்டின் பூட்டு அவரே போட்டதுதான். ஒரு கம்பியை உள்ளே விட்டு ஒரு திருப்பு, திறந்துகொண்டது. முற்றத்தைத் தாண்டி ஓடி அந்தக் கதவின் முன் நின்றார். கம்பி கையிலேயே இருந்தது. உள்தாழ்ப்பாளுக்கு வெளிப்பக்கம் சாவித்துவாரம் கிடையாது. பூட்டுத் தொழிலின் முதல் பாடம் அது.

இரண்டு தட்டு தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார், பிறகு இரண்டு கையாலும் குத்தினார். "யாராவது இருக்கேன்னு சொல்லுங்கடா" என்று கத்தினார். காவலாளி வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கும்வரை உள்ளிருந்து ஒரு குரலும் வரவில்லை.