பட்டினச்சேரிப் பெண்ணின் கைகள்

எண்பதுகளின் தொடக்கம். மனோதத்துவம் படித்து முடித்த கையோடு, காரைக்காலில் ஒரு கல்லூரிக்கு விரிவுரையாளராகப் போனேன். தருமபுரத்தில் வாடகைக்கு ஓர் அறை.

என் வகுப்பில் பட்டினச்சேரி மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். நன்றாகப் படிப்பாள். ஆனால் எப்போதும் கடைசி பெஞ்சில் தனியாக, கைகளைத் தாவணிக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பங்குனியில் ஒரு பரீட்சை. அவள் கையிலிருந்து பேனா நழுவிக்கொண்டே இருந்தது. அருகில் போனேன். விடைத்தாளில் ரத்தம். கையைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்கை வெடித்து, விரலிடுக்கில் சதை தெரிந்தது. 

வெளியே அழைத்துப் போய்க் கேட்டேன். தலை குனிந்தபடி சொன்னாள்.

“கெணத்துல போடுற பிளீச்சிங் பவுடரப் போட்டுத் தேய்க்கிறேன் மிஸ். மீன் வாசம் போவ மாட்டேங்குது.”

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லல மிஸ். நான் போயி உக்காந்தா எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிருவாங்க.”

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சேதி கேட்டு, மீன் விற்றுக்கொண்டிருந்த அவள் அம்மா கூடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். கை ஆறும்வரை மீன் வேலைக்கு அவளை விடாதீர்கள் என்றேன். அந்த அம்மா புரியாமல் என்னைப் பார்த்தார்.

“பொங்கலுக்கு அப்புறம் இவ மீனையே தொடலீங்க டீச்சர். சோத்துக்குக்கூட ரசந்தான் ஊத்திக்கிறா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டுப் போடும்போது அவள் கை என் முகத்தருகேதான் இருந்தது. மருந்து நெடியைத் தவிர அதில் வேறெந்த வாசமும் இல்லை. இல்லாத ஒன்றைத்தான் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் தோலை உரித்துக் கழுவியிருக்கிறாள்.

புண் சீக்கிரம் ஆறியது. மனசு ஆறத்தான் நாளாயிற்று. சாயங்காலங்களில் நானும் அவளும் உட்கார்ந்து பேசுவோம். அவள் சம்மதத்தோடு வகுப்பிலும் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெண் அழுதுவிட்டாள்; அடுத்த நாள் அவளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்தே பட்டம் வாங்கினார்கள்.

பிற்பாடு நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது, இப்படி ஒதுக்கப்பட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் மனநிலையைத்தான். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்து இடம் மாறி உட்காருவது ஒரு பிள்ளையின் சதைவரை இறங்கும் என்பதை அவள் கைகளில்தான் நான் பார்த்தேன்.