சுற்றுகிற பேட்டரி

அக்காவுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்த அன்று எனக்கு வயிறு வலித்தது. நிஜமாகவே வலித்தது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், வெந்நீர் கொடுத்துப் பார்த்தாள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்த அந்தச் சைக்கிளை வெளியே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் ஒருவேளை வலி விட்டிருக்கும். யாருக்கும் அது தோன்றவில்லை.

அவள் பிளஸ் ஒன், நான் ஆறாவது. பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்குத்தான் சைக்கிள் கொடுப்பார்கள், அதில் அக்கா செய்த தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் போட்டுக் கழித்த பாவாடை, அவள் எழுதி மீந்த நோட்டு, அவள் கைப்பிடி அறுத்த பை என்று வாங்கி வாங்கியே வளர்ந்தவள் நான். இந்தச் சைக்கிளும் ஒருநாள் அப்படித்தான் என்னிடம் வந்து சேரும், அதற்குள் அதன் பெல் செத்துப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அக்காவுக்குக் கணக்கு டியூஷன் தேவைப்பட்டது. டியூஷன் திண்டிவனத்தில். சாயந்திரம் ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழுக்குத்தான் விடுவார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. சைக்கிளில்தான் வரவேண்டும், பாதி வழி ஏரிக்கரை, தெருவிளக்கு என்ற பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா விஷயம் கேள்விப்பட்டதும் சட்டைகூடப் போடாமல் கிளம்பி வந்துவிட்டார்.

"பொட்டப்புள்ள, கும்மிருட்டுல ஏரிக்கர மேல சைக்கிள் ஓட்டிக்கினு வருமா? ஊர்ல இன்னா பேசுவாங்க? படிச்ச வரிக்கும் போதும்டா."

அப்பா அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். மல்லாட்டைப் பயிருக்கு எப்போது மருந்தடிப்பது என்பதைக்கூட அண்ணனைக் கேட்டுத்தான் செய்வார். அன்றைக்கு வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "லைட்டு இருந்தா போவட்டும்ணா," என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "லைட்டு இல்லாம ஒரே ஒரு நாள் நீ வந்து நான் பாத்தேன்னு வெச்சிக்கோ, அன்னியோட டியூஷன் கட்டு. சொல்ட்டேன்," என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. பெரியவர்கள் பேச்சு நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

கடை லைட்டு ஒன்றை எதிர்வீட்டுப் பையன் வாங்கி மாட்டியிருந்தான். முதல் மழையிலேயே அது கண்ணை மூடிவிட்டது. அதனால் நானே செய்துகொள்கிறேன் என்றாள் அக்கா. அவளுக்கு அந்தக் கை இருந்தது என்பதைப் பொறாமையோடுதான் என்றாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் செத்துக் கிடந்த எமர்ஜென்சி விளக்கைப் பிரித்து அதன் சின்னச் சின்ன பல்புகள் பதித்த தகட்டை எடுத்து வைத்திருந்தாள். பேட்டரிதான் வேண்டும். அதற்கு விழுப்புரத்தில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு இரண்டு பேரும் போனோம். மாமா ஒரு கேரி பை நிறையப் பழைய பட்டன் போன் பேட்டரிகளைக் கொட்டினார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். நல்லது எது, கெட்டது எது என்று அக்கா திருதிருவென்று விழித்தாள். மாமா ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்து ஓரத்தில் விரலால் சுண்டினார். அது கிர்ரென்று சுற்றியது.

"சுத்துதா? உள்ள உப்பிக்கிச்சுன்னு அர்த்தம். ஆளு காலி. அஞ்சு நிமிஷம் எரிஞ்சிட்டுப் படுத்துக்கும். அணைச்சுட்டு சும்மா வுட்டீன்னா மறுபடி ரெண்டு நிமிஷம் எரியும், நல்லா கீற மாதிரி ஏமாத்தும்." இன்னொன்றைச் சுண்டினார். அது அசையவில்லை. "இதான் உசுரோட கீது."

அதன் பிறகு மாமாவுக்கு வேலை வைக்கவில்லை நான். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சுண்டினேன். கொஞ்சம் சுற்றி நிற்பது, நன்றாகச் சுற்றுவது, சுற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பது என்று மூன்று ஜாதி பிரித்தேன். கடைசியில் அசையாத நல்லது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, உசுரோட கீது என்று மாமா காட்டியதுகூட என் சோதனையில் லேசாகத் திரும்பிவிட்டது. மாமா சிரித்துவிட்டு, "இன்னா இருந்தாலும் பெரியவளவிட சின்னவ கெட்டி," என்று அம்மாவிடம் சொன்னார். மிச்சப் பேட்டரிகளையும் கேரி பையோடு என்னிடமே கொடுத்துவிட்டார். திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையே போதுமாக இருந்தது.

லைட்டு செய்ய இரண்டு நாள் ஆனது. ஊறுகாய் டப்பாவின் அகல மூடிக்குள் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை ஒட்டி, அதற்குள் தகட்டைப் பொருத்தினாள். பின்னால் மாட்ட இன்னொரு குட்டி விளக்கு, அதற்குக் குங்குமச் சிமிழின் சிவப்பு மூடி. பேட்டரியில் வயரை ரப்பர் பேண்டால் அழுத்திக் கட்டினாள். பழைய டியூபை வாராகக் கிழித்து எல்லாவற்றையும் ஹேண்டில் பாரோடு இறுக்கினாள். அப்பா பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அவள் கேட்கக் கேட்க ஸ்க்ரூ டிரைவரும் பிளேடும் எடுத்துக் கொடுத்தார். என் அப்பா ஒரு நாளும் என் பக்கத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு தடவை இருமிப் பார்த்தேன்.

ஏற்றிப் பார்த்த அன்று கரெண்ட் வேறு இல்லை. சுவிட்சைப் போட்டதும் தெரு பளிச்சென்று தெருக்கோடி வரை தெரிந்தது. ஆளாளுக்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பாகூட எட்டிப் பார்த்து, "பரவால்லியே," என்றார்.

"எம் பெரிய பொண்ணு பண்ணதுங்க," என்றார் அப்பா. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னார்.

"பேட்டரி நான் பொறுக்கினது," என்றேன்.

யாரும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாத்துக்கும் அவகூட போட்டி போட்டுக்கினு நிக்காத. போய்ப் பாய போடு," என்றாள்.

போடவில்லை. அக்காவிடம் போய், என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏரிக்கரை வரை ஒரே ஒரு தடவை அந்த லைட்டோடு ஓட்டு என்று கேட்டேன். "சும்மா சும்மா போட்டா சார்ஜ் பூடும்டி, போ," என்றுவிட்டாள். அவ்வளவுதான். என் பேட்டரியில் எரிகிற லைட்டில் எனக்கு ஒரு ரவுண்டு கிடையாது.

இராத்திரியில் அந்தப் பேட்டரியைக் கழற்றி, டிஸ்பிளே போன ஒரு பழைய போனில் போட்டு அக்கா சார்ஜ் ஏற்றுவாள். இரண்டு வாரம் டியூஷனும் லைட்டும் ஒழுங்காக நடந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் குளிக்கப் போனதும் போனிலிருந்து பேட்டரியை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தேன். கேரி பையிலிருந்து வேறொன்றைத் தேடி எடுத்துப் போனில் சொருகினேன். நன்றாகச் சுற்றுவதை எடுத்தால் உப்பல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் அரைச்சுற்று சுற்றி நிற்கிற ஜாதியில் ஒன்று. மாமா சொன்னது சரிதான், நான் கெட்டிதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. லைட்டு அணைந்து அவள் மூக்கறுபட்டு வரவேண்டும், பெரிய பொண்ணு பண்ணதுங்க என்று சொன்ன அப்பா அதைப் பார்க்கவேண்டும்.

தினமும் ஏழேகால் ஆனால் அப்பா பால் சொசைட்டி முக்கில் போய் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் பனைமரத்து வளைவு தெரியும். சைக்கிள் அந்த வளைவில் திரும்பினால் வெளிச்சம் முதலில் வரும், அக்கா பிறகு வருவாள். அன்று நானும் கூடப் போய் நின்றேன்.

வளைவில் வெளிச்சம் வந்தது. "வந்துட்டா பாரு," என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. உப்பின பேட்டரிகூட அவளுக்கென்றால் எரிகிறது! மறுநாளும் போய் நின்றேன். மறுநாளும் எரிந்துகொண்டே வந்தது. "லைட்டு எப்படிம்மா கீது?" என்று கேட்டார் அப்பா. "சூப்பரா எரியுதுப்பா," என்றாள் அவள். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது, கடை வைத்து ஊரை ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டினேன்.

மூன்றாம் நாள் ஏழரை ஆயிற்று, ஏழே முக்காலும் ஆயிற்று. அப்பா முக்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எனக்கு ஏரிக்கரையில் தடுப்புச் சுவர் கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வழியாக வளைவில் வெளிச்சம் தெரிந்தது.

"செயினு கழண்டுகிச்சுப்பா. மாட்டிக்கினு வர லேட்டாயிடுச்சு," என்றாள் அக்கா. இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும் அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துத் தரையில் வைத்து விரலால் சுண்டினாள். அரைச்சுற்று சுற்றி நின்றது. பிறகு பேண்ட்டை முட்டிக்கு மேலே இழுத்தாள். முட்டி கிழிந்து மண்ணும் ரத்தமுமாக இருந்தது.

"ஏரிக்கரயில எருமை படுத்துக்கினு இருந்துது. தெரியல. மேல போய் வுட்டுட்டேன்."

"லைட்டுதான் எரிஞ்சுதே," என்றேன்.

"எங்கடி எரிஞ்சுது? கிளம்பி அஞ்சு நிமிஷத்துல பூடுது. அணைச்சு வெச்சிருந்து பனமரத்தாண்ட வந்து போடறேன். மூணு நாளா அப்டித்தான் வந்துக்கினு இருக்கேன்."

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து நல்ல பேட்டரியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "நான்தான்க்கா மாத்தினேன். அப்பாகிட்ட சொல்லாதக்கா. தோல உரிச்சுடுவாரு."

ஓங்கி ஒன்று விடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் அவள் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"நீ சொல்லிடாதடி. அப்பாகிட்டயும் சொல்லாத, பெரியப்பாகிட்டயும் சொல்லாத. உன்ன கெஞ்சிக் கேக்கறேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருடியது நான், மாட்டிக்கொண்டதும் நான், இவள் எதற்குக் கெஞ்சுகிறாள்? ஆனால் பதினோரு வயதில் காரணம் தெரியாவிட்டால் என்ன, சமயம் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ என்ன உக்கார வெச்சு ஏரிக்கர வரிக்கும் ஓட்டு. லைட்டு போட்டுக்கினு," என்றேன்.

"சரி, வா," என்றாள்.

செயின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். நல்ல பேட்டரியில் லைட்டு அப்படி எரிந்தது. பால் சொசைட்டி, பனைமரம், ஏரிக்கரை எல்லாம் வரிசையாக வெளிச்சத்துக்குள் வந்து போயின. ஒவ்வொரு தடவை அந்தக் காலால் பெடலை அழுத்தும்போதும் அக்கா ஸ்ஸ் என்றாள். நான் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, "ஜல்தி ஓட்டுக்கா," என்றேன். அவள் வேகமாக மிதித்தாள்.

அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குப் புரிய, நானும் பிளஸ் ஒன் வந்து, டியூஷன் வேண்டும் என்று அப்பா முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அது தெரியாது. திரும்பி வரும்போது தெருவில் நின்றிருந்தவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டே வந்தேன். அக்கா என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்ற பெருமையில் அன்று படுத்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.