கறுக்கும் கோடுகள்

மீன் தொட்டியின் மூடியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தடுப்புக் கண்ணாடியைத் தண்ணீருக்குள் இறக்கினார். சத்தமே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரிய மீன். உடம்பின் கோடுகள் தார் பூசியதுபோலக் கறுத்திருந்தன. அந்தப் பக்கம் சின்னது. அதன் கோடுகள் சாயம் போன துணிபோல வெளிறிவிட்டன. ஹீட்டருக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"போதும், விடுங்க," என்றார் பெரியதிடம். மீன்களிடம் அவர் மரியாதை குறைத்துப் பேசுவதில்லை.

தெருவில் அவருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை, மூன்று சுவரிலும் அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், எல்லாவற்றிலும் ஏஞ்சல் மீன்கள். வேறு மீன் கிடையாது. மீன் விற்கிறாராம் என்று கேள்விப்பட்டு யாராவது பையோடு வந்து கிலோ என்ன விலை என்பார்கள். "இது சமைக்கிறது இல்லீங்க, சம்சாரம் பண்றது," என்பார். விரலைத் தண்ணீரில் விட்டு மோந்து பார்த்தே மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். தொட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அந்தப் பழக்கத்தில் தெருவில் போகும்போதும் ஒரு தோளை முன்னால் விட்டே நடப்பார், யாருக்கோ வழிவிடுகிறவர் மாதிரி.

ஏஞ்சலை வலுக்கட்டாயமாக ஜோடி சேர்க்க முடியாது. குஞ்சிலிருந்து கூட்டமாக வளர்க்க வேண்டும். அவையே ஆளைத் தேர்ந்துகொள்ளும். பிறகு அந்த இரண்டை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றி, முட்டையிட ஒரு சிலேட்டுத் துண்டைச் சாய்த்து வைக்க வேண்டும். அப்படித் தானாகச் சேர்ந்தவையும் ஒருநாள் அடித்துக்கொள்ளும். வாங்க வருகிறவர்களுக்கு இதைத்தான் நெடுநேரம் சொல்வார்.

"சண்டை வாயில தொடங்காதுங்க, தோல்ல தொடங்கும். ரெண்டும் கறுத்தா பயமில்ல. ஒண்ணு கறுத்து ஒண்ணு வெளுத்தா, அடுத்தது அடிதான். அப்போ பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது. நிக்கிறவன் மீன் வளக்கக் கூடாது."

அன்று காலை அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் ஒரு பல் மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அவர் வைத்திருக்கும் ஜோடியில் ஒன்று மற்றதை மூலையிலிருந்து வெளியே வரவே விடுவதில்லையாம். கண்ணாடி இறங்கியதை வாய் பிளந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக் கூடத்துலயும் இப்படி ஒண்ணு இறக்கிக் குடுங்களேன். நானும் என் சம்சாரமும் ஆளுக்கொரு பக்கம் நிம்மதியா கிடப்போம்," என்றார்.

தொட்டிக்காரர் சிரித்தார். வலையோடு நின்ற மருமகளும் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் விரிந்தது. மருத்துவரின் பார்வை தொழில் பழக்கத்தில் அவள் கன்னத்துக்குப் போனது. பல் வலியா என்று கேட்டார். அவள் மாமனாரைப் பார்த்தாள்.

"கடைவாய்ப் பல்லு முளைக்குது போல," என்றார் தொட்டிக்காரர்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மருமகளுக்குத் தொட்டிக்குள் கை விடவே கூச்சம். இப்போது குஞ்சுகளுக்கு இரையாக இறால் முட்டைகளைப் பொரிக்க வைப்பது, குழாய் வைத்துக் கசடு உறிஞ்சுவது எல்லாம் அவள்தான். எந்த ஜோடி நிலைக்கும், எது நிலைக்காது என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுகிறாள். அவளுக்கு நல்ல கண் என்று வருகிறவர்களிடம் வாயாரச் சொல்வார்.

மகன் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறான். குடியில்லை, சூதில்லை. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தொட்டிக்காரர் இதைச் சொல்லிவிடுவார். கோபம் வந்தால் அவன் கத்துவதுமில்லை. முதலில் காது மடல் சிவக்கும். பேச்சு மெதுவாகும். செருப்பை வழக்கத்தைவிட ஒழுங்காகச் சேர்த்து வைப்பான். இவ்வளவையும் வாசலிலேயே அவர் பார்த்துவிடுவார். பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். மீன் அறையில் ஏர் பம்புகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அங்கே நின்றால் வீட்டுக்குள் நடப்பது காதில் விழாது. அவர் திரும்பி வரும்போது கூடம் கூட்டிப் பெருக்கியிருக்கும்.

அவர் இதுவரை யார் மேலும் கை ஓங்கியதில்லை. அது தெருவுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் அவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எங்க அண்ணன் இவரு வேலை பார்க்கிற கடைக்கே போன் போட்டுக் கேட்டுட்டாரு மாமா."

துடைப்பதை நிறுத்தாமல், "என்னன்னு?" என்றார்.

"என்னன்னு கேப்பாரு? போன தடவை வந்தப்போ எம் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தானே போனாரு."

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடியும் துடைத்தார்.

"இன்னிக்கு நீங்க கூடத்துலயே உக்காந்திருங்க மாமா. ஒண்ணும் பேச வேணாம். நீங்க இருந்தா அவரு கை வைக்க மாட்டாரு."

"இருக்கேம்மா."

"எழுந்து போயிடுவீங்க."

"போகலைன்னு சொல்றேன்ல."

சொன்னபடியே கூடத்தில் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். காலையில் படித்த செய்தித்தாளை மறுபடி எடுத்துப் பிரித்துக்கொண்டார். மகன் வந்தான். செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி, நுனி வெளியே பார்க்க வைத்தான். காதுகள் பழுத்திருந்தன. உள்ளே வந்தவன் அப்பாவைக் கண்டதும் நின்றான். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னப்பா, மீனுக்கெல்லாம் இன்னிக்கு லீவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார் தொட்டிக்காரர்.

"இன்னொரு தடவை பாருங்களேன். அந்தப் புது ஜோடி என்ன பண்ணுதோ."

மருமகள் அடுக்களை வாசலில் நின்றாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.

"ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது.

மீன் அறையில் அவர் செய்ய ஒன்றுமில்லை. புது ஜோடி சிலேட்டின் இரு பக்கமும் நின்று, வாயால் கொத்திக் கொத்தி அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இரண்டின் கோடுகளும் ஒரே அளவில் கறுப்பு. இரவுக்குள் முட்டையிட்டுவிடும். பசிக்காத மீன்களுக்கு இரை போட்டார். அவை தொடவில்லை. பம்பின் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். இரைச்சல் ஏறியது. அப்போதுதான் எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீர் ஒருமுறை நடுங்கியது. மீன்கள் அத்தனையும் வீட்டுப் பக்கமாகத் திரும்பி நின்றன. காதில் எதுவும் விழவில்லை. தண்ணீர் அடங்கும்வரை அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடங்கிய பிறகும் நின்றார்.

மறுநாள் காலை மருமகள் மருத்துவமனையில் இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுபடி நடக்க மாதக்கணக்கில் ஆகும், முன்போல நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். எப்படி ஆயிற்று என்று நர்ஸ் கேட்டாள். மகன் வாயைத் திறக்குமுன் தொட்டிக்காரர், "மீன் ரூம்ல தரை ஈரமா கிடந்துச்சு, வழுக்கிட்டா," என்றார். நர்ஸ் அவளிடமும் கேட்டாள்.

"மாமாவையே கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்," என்றாள் சுவரைப் பார்த்தபடி.

மகன் அங்கிருந்தே கடைக்குப் போனான். தொட்டிக்காரர் வீட்டுக்கு வந்து மீன்களுக்கு இரை போட்டார். புது ஜோடி முட்டையிட்டிருந்தது. மதியம் மருமகளின் அண்ணன் போன் செய்தான். தங்கையைப் பார்த்துவிட்டதாகவும், அவள் விழுந்த இடத்தைப் பார்க்க வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னான். வரச்சொன்னார். பிறகு மீன் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். தரை காய்ந்திருந்தது. வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு கதவோரம் ஊற்றினார். போதவில்லை என்று இன்னொரு குவளை ஊற்றி, காலால் பரப்பிவிட்டார்.