மட்டக்களப்புக்கு ஒரு மணியும் பத்து நிமிடமும்

கிளிநொச்சியில் விமான ரிக்கெற் பதியும் அலுவலகமொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். காலை எட்டரைக்கு, சந்தைக்கு மீன் கொண்டுவரும் முல்லைத்தீவு நசீர் நானா உள்ளே வந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"மட்டக்களப்பில உம்மா மவுத்தாயிட்டா. மூண்டரைக்கு, அஸர் தொழுகையோட அடக்கம். முகத்தைப் பாக்கோணும். பிளேன் இருக்கா தங்கச்சி?"

வடக்கே பலாலி விமான நிலையத்திலிருந்து பதினொன்றரைக்கு ஒரு சிறிய சார்ட்டர் விமானம் இருந்தது. ஒரு இருக்கை மிச்சம். வான்வழியில் ஏறத்தாழ இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர்.

"ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்தான், நானா," என்றேன்.

தெருவால் போனால் ஆறு மணித்தியாலம். இருக்கையைப் பதிந்துகொடுத்தேன். அவருடைய மச்சான் வேனை ஓட்ட, அவர் வடக்கே பலாலிக்குப் புறப்பட்டார்.

இருபது நிமிடத்தில் பலாலியிலிருந்து அழைப்பு. மட்டக்களப்பில் கடும் மழை, ஓடுபாதை தெரியவில்லை, விமானம் எப்போது எழும்பும் என்று சொல்ல முடியாதாம்.

கடதாசியில் கணக்குப் போட்டேன். இப்போதே திரும்பினால் தெருவால் மூன்றேகாலுக்குப் போய்ச் சேரலாம். வடக்கே போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இரண்டு நிமிடம் நட்டம்.

நானாவுக்குச் சொல்லப் போனை எடுத்தபோது முகாமையாளர் தடுத்தார். "அவரைக் குழப்பாதையும் பிள்ளை. முகில் கலைஞ்சால் எழும்பிடும்."

"கலையாட்டி?"

நான் நசீர் நானாவுக்குப் போன் எடுத்தேன். ஆனையிறவு வரை போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் எந்தப் பக்கம் போக, தங்கச்சி?"

கணக்குப் போட்ட கடதாசியைப் பார்த்தேன். "திரும்புங்கோ நானா. தெருவால போங்கோ."

பன்னிரண்டரைக்கு மழை விட்டு விமானம் எழும்பியது. இரண்டு மணிக்கு முன்னரே மட்டக்களப்பில் இறங்கிவிட்டதாகப் பலாலியில் சொன்னார்கள். நானாவுக்குத் திரும்பப் போன் எடுக்கத் துணிவு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவரே வந்தார். விமானம் அவருக்கு முன்னரே போய்ச் சேர்ந்ததை நானே சொன்னேன்.

"தெரியும்," என்றார். "நாங்க போய்ச் சேரேக்க மூண்டு நாப்பது. ஹபரணையில ஒருக்கா, பொலன்னறுவையில ஒருக்கா, வாழைச்சேனையில ஒருக்காப் போன் எடுத்துச் சொன்னன். நான் கிட்ட வந்திட்டன் எண்டு தெரிஞ்சுதான் அவங்க ஜனாஸாவ அடக்கத்துக்குத் தூக்காம நிண்டாங்க. உம்மாட முகத்தைப் பாத்திட்டன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பறக்கும் நேரத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். ஆள் எங்கே நிற்கிறார், எந்த வாசலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லுங்கள். நானாவைத் திரும்பிப் போகச் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. அழைத்துச் சொன்னது சரி.