சித்தி திருப்பிக் கொடுத்த கம்பளி

சிவப்புக் கரை போட்ட அந்தக் கம்பளியில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது.

பூண்டியிலிருந்து பிழைக்க வந்த நாங்களும் என் சித்தியும் மலைமேல் நாயுடுபுரத்தில் ஒரே வீட்டில், இருக்கும் போர்வைகளைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சித்தி ஒரு விடுதியில் துணி துவைத்தாள். அங்கே தோட்டவேலை பார்த்தவரே அவளுக்கு மாப்பிள்ளையும் ஆனார். பழனியில் தாலி கட்டிக்கொண்டு வந்து இருவரும் வேலைக்குப் போன முதல் நாள், பஞ்சாமிர்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கல்யாணமான பெண்களுக்கு அந்த விடுதியில் வேலை கிடையாது. அதனால் அங்கே துவைக்கும் பெண்கள் தாலியை ரவிக்கைக்குள் மறைத்துக்கொள்வது வழக்கம். "உள்ள விடுடி" என்று குழாயடியில் அவர்கள் சித்திக்குச் சாடை காட்டினார்கள். சித்தி மஞ்சள் காயாத கயிற்றை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனாள்.

அவர் பஞ்சாமிர்தத்தை விரலால் வழித்துத் தின்றார். "குடும்பஸ்தன் ஆயிட்டே, இனி பொறுப்பா இருப்பே" என்று சித்தப்பாவுக்குக் கம்பளியைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு சித்தியிடம், "ரூல் தெரியும்ல? மேரேஜ் ஆன லேடீஸ் இங்க கிடையாது. நாளைல இருந்து வரவேணாம்மா" என்றார்.

சித்தி குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் எனக்கு மட்டுமாங்க ஆச்சு? ஒரே கல்யாணந்தானங்க. அவுகளுக்குக் கம்பளி, எனக்குச் சீட்டுக் கிழிக்கிறதா?"

"ஏய், சும்மா கெட. என் சோலிக்கும் சேத்து வேட்டு வச்சிராத" என்று சித்தப்பா நடுங்கினார்.

மேனேஜர் விரலைத் துடைக்கத் துணி தேடினார். சித்தி, சித்தப்பாவின் கையிலிருந்த கம்பளியை வாங்கி மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்தாள்.

"இதையும் நீங்களே போத்திக்கங்க. வெரசா வாடி, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

வேலை போனது போனதுதான். மார்கழிக் குளிரில் சித்தப்பா கம்பளியை நினைத்து முனகுவார். சித்தியோ பகலெல்லாம் கூலிக்குக் கேரட் கழுவிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குவாள்.

இப்போது நான் சென்னையில் சட்டம் கற்பிக்கிறேன். பெண் என்பதற்காக வேலை மறுப்பதை எதிர்த்து எழுதுகிறேன். புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் வகுப்பில் சித்தியின் கேள்வியைத்தான் கேட்பேன். இதுவரை எவரும் அதை மடக்கியதில்லை.

ஆனால் அன்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நான் அழுதேன். சித்தி தோற்றுவிட்டாள், கம்பளியும் போச்சு என்று. பதில் இல்லாமல் நின்றவர் மேனேஜர்தான் என்பது, குடும்பத்திலேயே முதலில் படித்த பிள்ளையான எனக்கு உறைக்கவே இல்லை.