இருபத்தைந்தரை நொடி

அலுவலகத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். கையில் கடிகாரம் கட்டுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் யாராவது "ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போய்விட்டு ஏழு நிமிடம் கழித்து வந்தால், "ஆறு நிமிஷம் எங்க போச்சு?" என்று கேட்காமல் விடமாட்டாள். கேட்டு அவளுக்கு எந்த லாபமும் இல்லை. கேட்காவிட்டால் தலை வலிக்கும்.

வேலை அப்படி. இரண்டாம் மாடியில், ஐந்தே பேர் இருக்கும் அந்த இடத்தில் பதினோரு வருடமாக அவள் ஒரு லைப்ரரியைக் கவனித்துக்கொள்கிறாள். புத்தகம் அடுக்கிய லைப்ரரி இல்லை. மற்ற மென்பொருள்காரர்கள் எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளும் நிரல்களின் தொகுப்பு. கணினிக்குக் குரல் என்பது வெறும் எண்களின் வரிசை. ஒரு நொடிக் குரலை நாற்பதாயிரத்துச் சொச்சம் துணுக்குகளாக நறுக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு சாம்பிள். அவற்றை எண்ணிக்கொண்டே போய், "இப்போது பதின்மூன்றாவது நிமிடம், நான்காவது நொடி" என்று சொல்வதுதான் அந்த லைப்ரரியின் வேலை. அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. "உன்னை மாதிரியேதான்" என்பார் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் அவள் கணவர்.

கணவரின் அக்காவுக்கு இதற்கு நேர் எதிர்க் குணம். பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர். வண்டி கிளம்புவதற்குள் ஊர்ப் பெயர் அத்தனையும் சொல்லி முடிக்க வேண்டிய தொழில். நாக்கு அந்த வேகத்திலேயே உறைந்துவிட்டது. நாம் பாதி வாக்கியம் பேசினால் மீதியை அவரே முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, தப்பு என்று சண்டையும் பிடித்துவிடுவார். வேலையை விட்ட பிறகு ஒரு ஒலிப்புத்தகப் பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே படித்துக் கொடுக்கிறார். துணி அலமாரிக்குள் நாற்காலியைப் போட்டு, சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டு, பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார்.

மூன்று வருடமாக அவருக்கு வந்ததெல்லாம் சலவை இயந்திரக் கையேடு, முதலுதவிப் புத்தகம், சாலை விதிகள். போன மாதம்தான் முதல் தடவையாக ஒரு நாவல் வந்தது. கப்பல்காரக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை, இருபத்தெட்டு அத்தியாயம். முதல் அத்தியாயத்தைப் பதிவு செய்து, எந்தப் பத்தி எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று கருவியின் திரையைப் பார்த்துப் பட்டியலும் எழுதி அனுப்பினார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் பதிப்பகத்தின் செயலி, குரல் படிக்கப் படிக்க அந்தந்தப் பத்தியை மஞ்சளாக ஒளிரவிடும்; கையேடுகளுக்கு அந்த வசதி கிடையாது. செயலிக்குள் நேரம் சொல்வது அவளுடைய லைப்ரரி.

புதன்கிழமை காலை அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார்.

"பதிப்பகத்துக்காரர் போன் பண்ணினாரு. பத்தி முன்னாடி ஓடுதாம், என் குரல் பின்னாடி வருதாம். அத்தியாயம் முடியறப்ப இருபத்தஞ்சு செகண்டு இடிக்குதாம். பட்டியலைத் தப்பா எழுதிட்டேனாம், இல்லன்னா இழுத்து இழுத்துப் படிக்கிறேனாம். நான்! இழுக்கிறேனாம்!"

"சரிக்கா, நீங்க கொஞ்சம்..."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா நாவலை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாராம். எனக்கு என்ன தெரியுமா வச்சிருக்காரு? பம்பு செட் கையேடு!"

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, யோசிக்காமல் அந்த வார்த்தையைச் சொன்னாள். "லைப்ரரி தப்புப் பண்ணாதுக்கா. இருநூறு செயலியில ஓடுது. பட்டியல் எழுதறப்ப கை தவறியிருக்கும்."

கணவர் சட்டைப் பித்தானைப் போட்டவாக்கில் அறைக்குள் திரும்பிப் போய்விட்டார்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"பொய்யின்னு சொல்லலையே. தவறியிருக்கும்னேன்."

"வா. இப்பவே வா. நான் படிக்கிறேன், நீ பக்கத்துல உக்காந்து பாரு."

அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். நிரூபித்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். அலமாரிக்குள் ஒருவருக்கே இடம். அவள் மழைக்கோட்டுகளுக்கு நடுவில், காலணிப் பெட்டி மேல் குந்தி, கைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தை ஓட்டினாள். அக்கா படித்தார். முதலாம் தலைமுறை கடலில் இறங்கிப் புயலில் சிக்கி, தப்பித்துக் கல்யாணமும் செய்துகொண்டது. அவளுக்கு மூன்று முறை தும்மல் வந்தது. மூன்றையும் ஒரு ஸ்வெட்டர் கைக்குள் அடக்கினாள். கடைசி வரியில் நிறுத்தியபோது கைபேசியில் சரியாக நாற்பது நிமிடம். கருவியிலும் நாற்பது. அக்கா புதிதாக எழுதிய பட்டியலிலும் நாற்பது.

கோப்பைத் தன் மடிக்கணினிக்கு மாற்றி, லைப்ரரியிடம் கேட்டாள். நாற்பது நிமிடம் இருபத்தைந்தரை நொடி என்றது.

மறுபடி கேட்டாள். அதையேதான் சொன்னது.

"என்ன சொல்லுது உன் பிள்ளை?" என்றார் அக்கா.

"கொஞ்சம் இருங்கக்கா."

"இழுக்கறியே!"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரலைத் திறந்தாள். அரைமணி நேரத்தில் அகப்பட்டது. லைப்ரரி சாம்பிள்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. தொள்ளாயிரத்து அறுபது தொள்ளாயிரத்து அறுபதாக அள்ளும். பதிப்பகத்தின் ஒலிக்கூடத்தில் நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் சாம்பிள். அங்கே ஒரு கை அள்ளினால் கச்சிதமாக இருபது மில்லி நொடி. அக்காவின் பழைய கருவியில் நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. அங்கே ஒரு கைக்கு இருபத்தொன்றே முக்காலும் இன்னும் துளியும். அந்தத் துளிக் கணக்கைச் சுமப்பானேன் என்று ஒவ்வொரு கைக்கும் முழுதாக இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டு போனது நிரல். ஒரு கையில் யாருக்கும் தெரியாது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து இருநூற்று ஐம்பது கை. கடைசியில் ஒரே ஒரு முறை முழுதாக்கியிருந்தால் போதும். லட்சம் முறை முழுதாக்கியதில் இருபத்தைந்தரை நொடி முளைத்துவிட்டது.

அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, அவளேதான். பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "இது போதும்."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழைய புகார்களைப் புரட்டினால், இதே கோளாறை மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவருக்கும் அவள் ஒரே பதிலைப் போட்டு மூடியிருந்தாள்: "உங்கள் கருவியைச் சரிபார்க்கவும்."

அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, அடுத்தவர் வாக்கியத்தை முடித்து வைக்காமல் காத்திருந்தார். அதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

"தப்பு என்னோடதுதான்க்கா."

"லைப்ரரியோடதா, உன்னோடதா?"

"என்னோடது."

"சரி. தண்ணி குடி."

திருத்த ஒரு மணி நேரம், சோதிக்க அரைநாள். வியாழன் மதியம் புதிய பதிப்பு தயாராகிவிட்டது. அதோடு என்னென்ன மாறியது என்று எல்லோருக்கும் போகிற குறிப்பு ஒன்று எழுத வேண்டும். மேலாளர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து யோசனை சொன்னார். "சில சிறு திருத்தங்கள்னு போட்டுடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. யாரு படிக்கப் போறாங்க?"

நியாயமான யோசனை. ஆனால் சிறு திருத்தம் என்று போட்டால் பதிப்பகத்துக்காரர் கணக்கில் அக்காதான் இழுத்தவர்; நாளை வெள்ளிக்கிழமை. அவள் உள்ளது உள்ளபடி எழுதி, அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினாள்.

"நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு சாம்பிள் உள்ள பதிவுகளில் நேரம் கூடுதலாகக் காட்டப்பட்டது. ஒன்பது வருடமாக இருந்த பிழை. ஒரு பயனரின் புகாரை அடுத்துத் திருத்தப்பட்டது."

"நிறுத்து. நான் எங்கே புகார் சொன்னேன்? என்மேலதான் புகார் சொன்னாங்க. அதுல நீயும் ஒருத்தி."

"வேற எப்படிக்கா எழுதறது? இதெல்லாம் ஒரு முறை இருக்கு."

"உங்க முறையில, தப்பில்லாதவங்களைத் தப்பில்லாதவங்கன்னு சொல்ல ஒரு வரி கிடையாதா?"

கிடையாது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வரியை அவள் எந்த லைப்ரரியின் குறிப்பிலும் பார்த்ததில்லை. பயனர் வரியை அழித்தாள். ஒரு நிமிடம், நிஜமாகவே அறுபது நொடி, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: "படித்தவர் இழுக்கவில்லை. அவர் எழுதிய நேரங்கள் அத்தனையும் சரி."

"இப்ப அனுப்பு" என்றார் அக்கா.

மேலாளர் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். "மேடம், இருநூறு பேருக்குப் போகுது. இது எந்தத் திருத்தத்துல சேரும்?"

"இதுதான் சார் திருத்தம். மேல இருக்கிறது விளக்கம்" என்று சொல்லிவிட்டு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதிப்பகத்துக்காரர் அக்காவைக் கூப்பிட்டார். திருத்திய லைப்ரரியைச் செயலியில் ஏற்றியதும் முதல் அத்தியாயம் இம்மி பிசகாமல் ஓடுகிறதாம், இரண்டாவதைத் தொடங்கலாமாம். மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. பதினொரு மணிக்கு அவள் கூப்பிட்டபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஏற்கெனவே அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்.